கூட நடக்க இரண்டு பேர்

ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டியில் கோல்ஃப் ஆடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால், கேட்கிறவர்கள் 'ஹாக்கியா?' என்று திருத்துவார்கள். ஹாக்கி இல்லை, கோல்ஃப்தான். ஆள் பெயர் பூவனநாதன். வயது அறுபத்திரண்டு. எட்டயபுரம் ரோட்டில் மாடி வீடு. ஒன்பது வருஷமாக ஒரு மாதம் விடாமல் கிளப் போட்டிக்குப் பெயர் கொடுத்து, ஒன்பது வருஷமாகக் கடைசியாக வந்துகொண்டிருப்பவர். சில மாதங்களில் கடைசிக்கு முந்தின இடம் கிடைக்கும். அன்றைக்கு யாராவது காலைப் பிசகிக்கொண்டு பாதியில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்தக் கரிசலுக்குக் கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்பது நியாயம்தான். கயத்தாறு பக்கம் கரண்டு எடுக்கிற காற்றாடி நிறுத்த வந்த ஒரு கம்பெனியில் வெளிநாட்டு என்ஜினியர்கள் சிலர் இருந்தார்கள். சாயங்காலம் பொழுது போகவில்லை. கம்பெனிக் காலனிக்குப் பின்னால் சும்மா கிடந்த தரிசில் ஒன்பது குழி வெட்டி ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் குழி கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து அதைக் கிளப் ஆக்கிக்கொண்டார்கள். டிவியில் காட்டுகிற பச்சைப் புல்வெளியை நினைத்துக்கொண்டு வந்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். ஐப்பசி மழைக்கு முளைக்கிற புல் தை பிறந்ததும் கருகிவிடும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பந்து உருளுவதற்காக, மணலில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றிப் பிசறி வட்டமாகப் பரப்பியிருப்பார்கள். மற்றதெல்லாம் கறுப்பு மண். பங்குனியில் அது வெடித்துக் கிடக்கும். வெடிப்பு என்றால் கீறல் இல்லை, முழங்கை வரை கை உள்ளே போகும்.

பூவனநாதனுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அப்பா காலத்து ஆபீஸ்; தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கயத்தாறில் அவருக்கு இருந்த நாலு ஏக்கரில் கம்பெனி ஒரு காற்றாடி நிறுத்தியபோது, அந்தக் காரியத்தைப் பார்த்த அதிகாரி சுடலைராஜ், மரியாதைக்காக அவரைக் கிளப்பில் சேர்த்துவிட்டார். சுடலைராஜ் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று கிளப் செயலாளராக இருக்கிறார். அன்றைக்குப் பூவனநாதன் மட்டைப் பையோடு வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி சுதாராணி சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. குழியைத் தோண்டி அதில் பந்தைப் போடுவதற்குக் காலர் வைத்த சட்டை வேறு வேண்டுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டி முடிந்து வரும்போதும், 'இன்னைக்கு எத்தனாவது கடைசி?' என்று கேட்டுத்தான் சோறு போடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சுதாராணி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் காளீஸ்வரி மஸ்கட்டில் இருக்கிறாள். வந்தாள், பதினாறு முடித்துவிட்டுப் போனாள். ஆபீஸை நடத்தி யாருக்கு என்ன என்று பூவனநாதன் அதையும் கைமாற்றிவிட்டார். கைமாற்றிய பிறகுதான் தெரிந்தது, ஒரு நாளில் அவரிடம் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் அந்த ஆபீஸோடு சேர்ந்து போய்விட்டார்கள் என்று.

தனியாக இருக்கிற ஆம்பளை என்னென்ன செய்வான் என்று சொல்லிக் காட்டினால் சிரிப்பீர்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை உட்கார வைத்து மோர் கொடுப்பார். அந்த ஆளோ வண்டி நிற்கிறது என்று வாசலையே பார்த்துக்கொண்டு குடிப்பார். ராங் நம்பர் வந்தால் எந்த ஊர், மழை உண்டா என்று விசாரிப்பார். முடி வளரும் முன்னே முடி வெட்டப் போய் நிற்பார். இரண்டு அறையிலும் டிவி ஓடும். இவ்வளவு செய்தும் சில நாள் சாயங்காலம் ஆகும்போது, காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவருக்கே திடீரென்று உறைக்கும். அன்றைக்கு வீடே பிடிக்காமல் போகும்.

அப்படிப்பட்ட ஆளுக்கு, போட்டி நடக்கிற, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்ன என்று இப்போது புரியும். மற்ற நாளில் அவரோடு ஆட ஒருவரும் வர மாட்டார்கள். மெதுவாக ஆடுகிறவரோடு யார் வெயிலில் நிற்பார்கள்? ஆனால் போட்டி என்றால் சட்டம் வேறு. முப்பது பெயரையும் சீட்டுப் போட்டு மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுவார்கள். எல்லாக் குழியிலும் பந்தைப் போட யார் குறைவாக அடிக்கிறாரோ அவருக்குத்தான் ஜெயம்; ஒருவர் அடிக்கிற கணக்கை இன்னொருவர்தான் அட்டையில் எழுத வேண்டும். ஆகவே சீட்டில் யார் வந்தாலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நாலு மணி நேரம் இரண்டு பேர் பூவனநாதனோடு நடந்தே தீர வேண்டும். அவர் அடிப்பதைப் பார்த்தே தீர வேண்டும். ஜெயிப்பதைப் பற்றி அவர் ஒரு நாளும் கனவு கண்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். தன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பெயரை அவர் நாலைந்து தடவை படிப்பார். சனிக்கிழமை அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு, காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார். மணி பட்டியலிலேயே போட்டிருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கண். யார் பந்து எங்கே போனாலும் அவர் பார்த்திருப்பார். அடித்தவன் திருதிருவென்று முழிக்கும்போது இவர், 'அந்த உடைமரத்துக்கு இங்கிட்டு, ரெண்டு எட்டு' என்பார். போனால் இருக்கும். எல்லோரும் எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் பந்தை அவர் பார்க்கிறார், அவர் பந்தை யார் பார்க்கிறார்கள் என்கிற கேள்வி அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

மார்கழியில் கிளப் பொதுக்கூட்டம் நடந்தது. போட்டி முடிய மதியம் ஆகிவிடுகிறது, வெயில் தாங்கவில்லை என்று பேச்சு வந்தது. சுடலைராஜ் ஒரு தீர்மானம் படித்தார். தை, மாசி, பங்குனி மூன்று போட்டியில் ஒரு தடவையாவது நூற்றிருபது அடிக்கு மேல் போகாமல் ஆட்டத்தை முடிக்காதவர்கள், சித்திரையிலிருந்து போட்டியில் சேர முடியாது. உறுப்பினராக இருக்கலாம், மற்ற நாளில் வந்து தனியாக ஆடிக்கொள்ளலாம். படித்து முடித்துவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது பேரில் நூற்றிருபதைத் தாண்டுகிறவர் ஒரே ஒருவர்தான். அவருடைய ஒன்பது வருஷத்து நல்ல கணக்கே நூற்றிருபத்துநாலு. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் எல்லோரும் தூக்கினார்கள். பூவனநாதனும் தூக்கினார். எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்யும்போது தான் மட்டும் கையைக் கீழே வைத்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. இப்படியும் ஒரு மனுஷன்!

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் பதினெட்டு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய்த் தனியாக அடித்துப் பழகினார். கையில் காய்ப்புக் காய்த்தது. தை மாதம் நூற்றிருபத்தேழு. மாசியில் நூற்றிருபத்துநாலு. மிச்சம் இருந்தது பங்குனி ஒன்றுதான்.

பங்குனிச் சீட்டில் அவரோடு வந்தவர்கள் முத்துமணியும் வெயிலுமுத்துவும். முத்துமணிக்குப் பசுவந்தனையில் உரக்கடை. நாற்பத்தைந்து வயது, நல்ல மனுஷர், போன் மட்டும் காதை விட்டு இறங்காது. வெயிலுமுத்து மணியாச்சியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், பேச்சும் குறைவு. பூவனநாதனின் அட்டை முத்துமணி கையில் இருந்தது.

அன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ, பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் சுற்று ஒன்பது குழி ஐம்பத்தொன்பதில் முடிந்தது. அதே குழிகளை இரண்டாவது தடவை சுற்ற வேண்டும். அதிலும் கடைசிக் குழிக்கு வரும்போது மொத்தம் நூற்றிப் பதிமூன்று. இன்னும் ஏழு அடிக்குள் முடித்துவிட்டால் போதும். கணக்கைச் சொல்லி முத்துமணியிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று பார்த்தார். முத்துமணி மக்காச்சோளம் அடிக்கிற மெஷினை யார் காட்டுக்கு முதலில் அனுப்புவது என்று போனில் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார்.

முதல் அடி நன்றாகவே போனது. இரண்டாவது அடி அதைவிட நன்றாகப் போனது. தாழப் பறந்து, தரையில் பட்டு, இரண்டு துள்ளுத் துள்ளி, ஒரு வெடிப்புக்குள் சொருகியதுபோல விழுந்தது. பூவனநாதன் கண்ணால் பார்த்தார். வளைந்து கவை பிரிகிற வெடிப்பு, பிரிகிற இடத்தில்தான் விழுந்தது.

இதற்கென்று அந்த கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. பந்து காணாமல் போனால் ஒரு அடி தண்டம், பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் வெடிப்புக்குள் விழுந்தால் தண்டம் கிடையாது, வெடிப்பின் பக்கத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். முன்னே ஒரு வருஷம், முள்ளுக்குள் தொலைந்த பந்து எல்லாம் வெடிப்புக்குள் போனதாகவே எல்லோரும் சொல்ல ஆரம்பித்ததால், அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். வெடிப்பில் விழுந்ததைக் கூட ஆடுகிறவர் பார்த்திருக்க வேண்டும். அடித்தவர் மட்டும் பார்த்தால் செல்லாது.

பூவனநாதன் திரும்பிப் பார்த்தார். வெயிலுமுத்து தன் பந்தைத் தேடி முள்செடிக்குள் குனிந்து நின்றார். முத்துமணி காற்று இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

முத்துமணி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடி அட்டையைப் பார்த்தார். கணக்கு அவருக்கும் தெரியும்.

"நான் பாத்தேன் அண்ணாச்சி. வேற பந்தை வச்சு அடிங்க."

பூவனநாதனுக்குச் சுருக்கென்றது. பொய் என்று தெரியும். நல்ல மனசோடு சொன்ன பொய் என்றும் தெரியும். ஆனால் அது மட்டும் இல்லை. காலையிலிருந்து இவ்வளவு நேரம், வாழ்க்கையில் என்றைக்கும் அடிக்காத மாதிரி அடித்திருக்கிறார், அதில் ஒன்றைக்கூட இந்த மனுஷன் பார்த்திருக்க மாட்டானோ என்று அப்போதுதான் தோன்றியது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"எதுல விழுந்துச்சு தம்பி?"

முத்துமணி முன்னால் பார்த்தார். வெடிப்பு ஒன்றா இரண்டா? குத்துமதிப்பாகக் கையை நீட்டினார். "அந்தா, அந்தப் பெரிய வெடிப்புலதான்."

அது இல்லை. பந்து விழுந்த இடத்திலிருந்து பன்னிரண்டு எட்டு தள்ளி, குழிக்குக் கிட்டத்தில் இருந்தது அது. 'அது இல்லை, இது' என்று சொன்னால் முத்துமணி பார்க்கவில்லை என்றாகிவிடும். பார்க்கவில்லை என்றால் தண்டம். தண்டம் என்றால் சித்திரையில் பெயர் இல்லை. பூவனநாதன் மட்டையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஆமா. அதுதான்."

அங்கே போய் வேறு பந்தை வைத்தார். அடித்தார். எண்ணெய் மணல் பக்கத்தில் நின்ற பேச்சித்தாய், இழுவைச் சாக்கை ஓரமாக இழுத்து வழிவிட்டாள். ஒவ்வொரு கோஷ்டியும் போன பிறகு மணலில் கால்தடம் போகச் சாக்கு இழுத்துச் சமப்படுத்துவது அவள் வேலை. ஏழாவது அடியில் பந்து குழிக்குள் விழுந்தது. நூற்றிருபது.

கிளப் கொட்டகையில் சுடலைராஜ் அட்டைகளை வாசித்தார். பூவனநாதன், நூற்றிருபது என்றதும் கை தட்டினார்கள். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள். கையைத் தூக்கின உறுத்தல் அவர்களுக்கும் இருந்திருக்கும் போல. ஒருவர் அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். கடைசிக் குழியில் அண்ணாச்சி அடித்த இரண்டாவது அடியைப் பார்த்திருக்க வேண்டுமே என்று முத்துமணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அத்தனை பேர் பூவனநாதனைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். அவர் வடையைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. கிளம்புகிற முத்துமணியின் ஜன்னல் பக்கம் போய்ப் பூவனநாதன், "ரொம்ப நன்றி தம்பி" என்றார். "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் முத்துமணி. வேஷம் இல்லை. அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. அதற்குள் போன் அடித்தது, கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பூவனநாதன் காருக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் கடைசிக் குழியைப் பார்த்து நடந்தார். அந்தப் பந்து நிஜமாகவே வெடிப்புக்குள்தான் கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்போல இருந்தது. அவர் கண்ணையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். கவை பிரிகிற வெடிப்பு எது என்று குனிந்து தேடினார். வெயிலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது.

"அதுல இல்ல மொதலாளி. இங்கனல்லா கெடக்கு."

பேச்சித்தாய் சாக்கைப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். நேராக வந்து ஒரு வெடிப்பைக் காட்டினாள். உள்ளே ஒரு முழ ஆழத்தில் வெள்ளையாகப் பந்து இருந்தது.

பூவனநாதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தாயா என்று கேட்டார். அவள், பார்க்காமல் என்ன, எப்போதும் உங்கள் பந்தைத்தானே பார்ப்பேன், மற்றவர்கள் அடிப்பது எங்கே போகிறதென்றே தெரியாது, உங்கள் பந்துதான் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழும் என்றாள். கேலி இல்லை, நடப்பைச் சொன்னாள். பூவனநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"மத்தவிய பந்தை ஷூவால தள்ளி விடுவாவ. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கிடுவேன், நமக்கென்னன்னு. நீங்க ஒரு சாண் நவுட்டி வச்சு நான் பாத்ததில்ல. எங்க வீட்டுல கூட சொல்லுவேன், இப்படி ஒரு மொதலாளி இருக்காவன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னைக்கு நீங்க அங்கன போயி வைக்கவும் எனக்கு என்னமோ போல ஆயிட்டு."

அவள் வீடு பக்கத்துக் கிராமத்தில் எங்கேயோ இருக்கிறது. அவர் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யார் யாரோ உட்கார்ந்து சாப்பிடும்போது அவரைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக வந்திருக்கிறது. ஒரு ஆள் பார்க்க மாட்டார்களா என்று அவர் ஏங்கி ஏங்கி வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் படித்த காலமெல்லாம், அடித்த அடி ஒன்று விடாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் அவளை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தவள் கண் முன்னால்தான் இன்றைக்குப் பன்னிரண்டு எட்டுத் தள்ளி வைத்தார். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

சுடலைராஜ் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் இருந்தார். பூவனநாதன் நடந்ததைச் சொன்னார். முத்துமணி பேரை முடிந்தவரை இழுக்காமல், தான் வைத்த இடம் தப்பு, அட்டையில் அதற்கான இரண்டு அடி தண்டம் சேர்த்து நூற்றிருபத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள் என்றார்.

சுடலைராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "விடுங்க அண்ணாச்சி. யாரு பாத்தா?" என்றார்.

"பேச்சித்தாய் பாத்திருக்கா."

"அவ என்ன மெம்பரா? அவ பாத்தா என்ன?"

"அவதான் பாத்தா," என்றார் பூவனநாதன். "திருத்திருங்க."

அப்படியானால் அடுத்த மாதம் பெயர் வராதே என்று சுடலைராஜ் வருத்தத்தோடுதான் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டுப் பூவனநாதன் போனை வைத்தார்.

சித்திரையில் இரண்டாவது வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே படித்தார், மறுபடியும் படித்தார். இருபத்தொன்பது பெயர். சனிக்கிழமை போன் போட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிவியையும் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். மஸ்கட்டிலிருந்து காளீஸ்வரி பேசும்போது போட்டி எப்படி என்று கேட்டாள். நல்லா போச்சும்மா என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பேச்சித்தாய் மட்டும் தூரத்தில் இரண்டாவது குழியில் சாக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பூவனநாதன் முதல் பந்தை வைத்து அடித்தார். அடித்த வேகத்தில் வெயில் கண்ணில் பட்டு, எங்கே போனது என்று தெரியவில்லை. அவருக்கே தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் சாக்கை விடாமல், ஒரு கையை மட்டும் நீட்டி இடது பக்கம் காட்டினாள். போய்ப் பார்த்தார், இருந்தது.

எட்டு மணிக்கு அவளுக்குக் காலனியில் பெருக்குகிற வேலை இருந்தது, போய்விட்டாள். மிச்சக் குழிகளுக்கு அவர் தனியாகத்தான் நடந்தார்.